கோல்டு ஏர் இன்டேக் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் தனியாக வாங்கிக் காரில் மாட்டும் கோல்டு ஏர் இன்டேக் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களுக்கு இது தேவைப்படாது. சில கார்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். உங்கள் கார் இதில் எந்த வகை என்பதை உங்கள் காரிலேயே இரண்டு அளவுகள் எடுத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்று, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு. இன்னொன்று, அந்தக் காற்று வரும் வழியில் படும் தடை. இரண்டையும் பார்த்த பிறகு காசு செலவழியுங்கள்.

கோல்டு ஏர் இன்டேக் என்பது என்ன?

எஞ்சின் மூச்சு இழுக்கும் வழியை மாற்றிப் போடும் ஒரு செட். கம்பெனியிலிருந்து வரும் காரில் ஒரு பிளாஸ்டிக் ஏர் பாக்ஸ் இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு காகித ஃபில்டர். அங்கிருந்து த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் மூடி) வரைக்கும் நெளிவு வைத்த ரப்பர் ஹோஸ். இவற்றைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் வழவழப்பான அகலமான குழாயும் அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு கோன் ஃபில்டரும் மாட்டுவார்கள்.

அந்த ஃபில்டரை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி, பம்பருக்குப் பின்னாலோ முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இடுக்கிலோ கொண்டுபோய் வைத்தால்தான் அது கோல்டு ஏர் இன்டேக். குழாயைக் குட்டையாக வெட்டி, ஃபில்டரை பானெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டால் அதன் பெயர் ஷார்ட் ராம். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, ஃபில்டர் எங்கே போய் உட்காருகிறது என்று படத்தில் பாருங்கள்.

குளிர்ந்த காற்று போனால் பவர் கூடுமா?

கூடும். இது பௌதிகம், இதில் சந்தேகம் வேண்டாம். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அதே சிலிண்டருக்குள் ஆக்சிஜன் அதிகமாகப் போகும், அதற்குத் தகுந்த பெட்ரோலை எரிக்கலாம். எவ்வளவு கூடும் என்பதுதான் பார்க்கவேண்டியது.

50 டிகிரி செல்சியஸில் போய்க்கொண்டிருந்த காற்றை 30 டிகிரிக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி சுமார் 6.6 சதவீதம் ஏறும். ஆனால் பவர் அந்த அளவு முழுவதும் ஏறாது. குளிர்ந்த காற்று சூடான உலோகச் சுவர்களைத் தாண்டி உள்ளே போவதற்குள், சூடான காற்றைவிட அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் பவரை அளக்கும்போது தட்பவெப்பத்துக்காகத் திருத்தம் செய்யும் எஸ்ஏஇ ஜே1349 என்ற தரமுறையும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்தக் கணக்குப்படி 20 டிகிரி குறைத்தால் பவர் 3 சதவீதம் அளவுக்குக் கூடும். 100 குதிரைத்திறன் எஞ்சினில் 3 குதிரைத்திறன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே போகும் காற்று ரொம்பவும் சூடாகிவிட்டால், எஞ்சினில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வராமல் இருக்க கம்ப்யூட்டரே இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். அப்போது இழப்பு இந்தக் கணக்கைத் தாண்டிப் போகும். அப்படி ஒரு நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் காருக்குக் குளிர்ந்த காற்று கொடுத்தால் வித்தியாசம் காலிலேயே தெரியும்.

என் காருக்கு இப்போது குளிர்ந்த காற்று போகிறதா, சூடான காற்று போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பானெட்டைத் திறந்து, ஏர் பாக்ஸிலிருந்து முன்பக்கம் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அதன் வாய் எங்கே முடிகிறது? பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில்லுக்குப் பின்னால் முடியும். அல்லது ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகடு) நுழைந்து முடியும். இரண்டுமே வெளிக்காற்று கிடைக்கும் இடங்கள். அதாவது, கம்பெனிக்காரன் உங்களுக்கு ஒரு கோல்டு ஏர் இன்டேக்கை ஏற்கெனவே மாட்டித்தான் கொடுத்திருக்கிறான். கறுப்பு பிளாஸ்டிக்கில் இருப்பதால் நம் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை.

அப்புறம் அளந்து பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்திருக்கும் இணைப்பு) ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் இன்டேக் காற்றின் வெப்பநிலை ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அந்த எண்ணும் வெளி வெப்பநிலையும் ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கவேண்டாம்.

வெளிக்காற்றைவிட 5 முதல் 10 டிகிரிதான் அதிகம் என்றால், புது இன்டேக் உங்களுக்குச் சூட்டில் மிச்சப்படுத்திக் கொடுக்க ஒன்றுமே இல்லை. 25, 30 டிகிரி அதிகம் என்றால் ஏதோ கோளாறு இருக்கிறது, கவனிக்கவேண்டும். அப்போதும் உடனே வாங்கப் போய்விடாதீர்கள். முன்குழாய் கழன்று விழுந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், ஏதாவது விபத்து வேலைக்குப் பிறகு மாட்டாமலே விட்டிருக்கலாம். அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

இந்தச் சூட்டை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏர் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் அது காட்டும் எண்ணை நம்பலாம். சில கார்களில் அது இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதியில், இருக்கும். அங்கே உலோகத்தின் சூடு அதில் ஏறி, உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

காற்று வரும் வழியில் தடை இருக்கிறதா என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய ட்யூபும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

ஏர் பாக்ஸின் மேல்மூடியில், ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில், ட்யூப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். துளைக்கும்போது மூடியைக் கழற்றி வெளியே வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் துகளை ஒன்று விடாமல் துடைத்து எடுத்துவிடுங்கள். ட்யூபின் ஒரு முனையை அந்த ஓட்டையில் செருகி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் காருக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே ஒரு நீளமான அட்டையில் அதை 'யு' வடிவமாக வளைத்து ஒட்டி, கலர் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றி, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டருக்குக் குறையாமல் உயரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஏறி எஞ்சின் பக்கம் போய்விடும்.

எஞ்சின் சும்மா ஓடும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். ஆள் நடமாட்டமில்லாத பந்தயப் பாதையிலோ டைனோ (காரை நிறுத்தி ஓட்டிப் பவரை அளக்கும் உருளை மேடை) மேலோ முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து உச்ச ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வரை போகும்போது ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும். அந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள உயரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, 10 சென்டிமீட்டருக்கு நீங்கள் இழப்பது ஏறக்குறைய 1 சதவீதம். தண்ணீர் 10 சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்றால், உலகத்திலேயே சிறந்த இன்டேக்கைக் கொண்டுவந்து மாட்டினாலும் அந்த 1 சதவீதத்துக்கு மேல் திரும்பிவராது. புதுக் குழாயிலும் புது ஃபில்டரிலும் கூடக் கொஞ்சம் தடை இருக்குமே. 30, 40 சென்டிமீட்டர் ஓடினால் முதலில் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் காகித ஃபில்டர் போட்டும் அதே அளவு காட்டினால், உங்கள் கம்பெனி பாக்ஸ் நிஜமாகவே எஞ்சினின் தொண்டையைப் பிடிக்கிறது. அப்போது இன்டேக் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

ஓட்டையை மூடியில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறுகலான குழாயில் காற்று வேகமாக ஓடுவதால், தடையே இல்லாமலும் அழுத்தம் குறைவாகக் காட்டும். மூடிக்குள் காற்று நிதானமாக இருக்கும். அளவு சரியாக வரும். வேலை முடிந்ததும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் போட்டு இறுக்கிவிடுங்கள்.

விளம்பரத்தில் 15 குதிரைத்திறன் கூடும் என்கிறார்களே?

அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். டைனோவில் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியைப் போட்டு ஓட்டுவார்கள். பானெட் திறந்திருந்தால் பானெட்டுக்குள் வைத்த கோன் ஃபில்டருக்கும் அறையின் காற்றே கிடைக்கும். சாலையில் பானெட்டைத் திறந்துகொண்டு யாரும் ஓட்டுவதில்லை.

இன்னொன்று, ஒரே காரை ஒரே டைனோவில் அடுத்தடுத்து ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் மாறி வரும். எஞ்சின் சூடு, டயர் சூடு, கட்டும் பெல்ட்டின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. 3 சதவீத லாபத்தை நிரூபிக்க ஒரு ஓட்டம் போதாது. பழைய இன்டேக்கில் சில ஓட்டங்கள், புதியதில் சில ஓட்டங்கள், மறுபடி பழையதை மாட்டிச் சில ஓட்டங்கள் என்று காட்டினால் நம்பலாம். "15 வரை" என்று போட்டிருந்தால் அந்த "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ ஓர் ஆர்பிஎம்மில் ஒரு கணம் வந்த உச்ச வித்தியாசமாக இருக்கலாம். நீங்கள் தினமும் ஓட்டும் 2000, 3000 ஆர்பிஎம்மில் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழாயின் நீளமும் பாக்ஸின் கொள்ளளவும் மாறினால் காற்று அலைகளின் அதிர்வு மாறி, நடு ஆர்பிஎம்மில் டார்க் (எஞ்சினின் திருகுவிசை) குறைவதும் உண்டு.

மைலேஜ் கூடுமா?

கூடாது. இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை.

பெட்ரோல் எஞ்சினில் சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். நீங்களே உங்கள் காலால் காற்றைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஃபில்டரின் தடையைக் கொஞ்சம் குறைத்தால், அதே வேகத்துக்கு த்ராட்டில் இன்னும் ஒரு துளி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் மாறுவதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். நவீன ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் மாறவில்லை. புது ஃபில்டர் போட்டபோது முடுக்கம் மட்டும் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. அடைத்த ஃபில்டருக்கே மைலேஜ் குறையவில்லை என்றால், சுத்தமாக இருக்கும் ஃபில்டரை மாற்றி எதை மிச்சப்படுத்த முடியும்?

அந்த ஆய்வின் இன்னொரு பாதியை மறந்துவிடாதீர்கள். அடைத்த ஃபில்டர் பிக்கப்பைக் குறைக்கும். கார் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் ஒரு புதுக் காகித ஃபில்டர் போடுங்கள்.

கோன் ஃபில்டரை பானெட்டுக்குள்ளேயே மாட்டினால் என்ன?

நான் மாட்டியிருந்தேன். ஒரு கோடைக்காலம் முழுவதும் ஸ்கேனரோடு ஓட்டிப் பார்த்தேன். நல்ல வேகத்தில் போகும்போது எண்கள் மோசமில்லை, வெளிக்காற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட. சிக்னலில் நின்றால் கதை மாறிவிடும். ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பித்ததும் அதன் வெந்த காற்று நேராக ஃபில்டர் மேல் அடிக்கும். 45, 50, 55 என்று எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நிமிடத்தில், அதாவது எனக்குப் பிக்கப் வேண்டிய அந்த நிமிடத்தில், எஞ்சினுக்குக் கிடைத்தது 60 டிகிரிக் காற்று. கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டி அதே சாலையில், அதே பிற்பகலில் போனபோது எண் 45-ஐத் தாண்டவில்லை.

வெப்பத் தடுப்புத் தகடு வைத்து, அது பானெட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பர் பட்டையால் ஒட்டி மூடும்படி இருந்தால் நிலைமை கொஞ்சம் தேறும். மூன்று பக்கமும் மேலும் திறந்த தகடு வெறும் அலங்காரம்.

வேகமாகப் போகும்போது காற்று தானாக அழுத்தித் தள்ளாதா?

தள்ளும், ஆனால் மிகக் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேரே வந்து மோதும் அழுத்தம் வளிமண்டலத்தில் அரை சதவீதத்துக்கும் கீழே. 200 கிலோமீட்டரில்கூட 2 சதவீதத்தைத் தொடாது.

குழாய் அலுமினியமா, பிளாஸ்டிக்கா, கார்பன் ஃபைபரா?

பவருக்காக இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 75 லிட்டர் காற்றை இழுக்கும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அந்தக் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டர் குழாயைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் குழாயின் சூடு காற்றில் பெரிதாக ஏறாது. ஃபில்டரின் வாயில் எந்தக் காற்று கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

டர்போ கார் என்றால்? டீசல் என்றால்?

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) உள்ள பெட்ரோல் காரில் காரியம் கொஞ்சம் வேறு. டர்போவுக்கு முன்னால் இழக்கும் அழுத்தம் டர்போவில் பெருகும். இரண்டு மடங்கு அழுத்தும் டர்போவில், முன்னால் 1 கிலோபாஸ்கல் போனால் பின்னால் 2 கிலோபாஸ்கல் போகும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை இன்னும் சூடாக்கும். அதனால் தடையைக் குறைப்பது இங்கே அதிகப் பலன் தரும். ஆனால் கம்பெனி செட்டிங்கில் ஓடும் காரில், கம்ப்யூட்டர் இவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்), இவ்வளவு டார்க் என்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவிடாது. வழியை அகலமாக்கினாலும் அது அதே இலக்கில்தான் நிற்கும். ட்யூனிங் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்) மாற்றி, பூஸ்ட்டை ஏற்றி வைத்திருக்கும் காருக்குத்தான் இன்டேக்கின் முழுப் பலனும் கிடைக்கும். சூட்டைப் பொறுத்தவரை, காற்று டர்போவில் நூறு டிகிரிக்கு மேல் கொதித்துவிட்டு, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகிறது. அந்தக் காசை இன்டர்கூலரில் போட்டால் இன்னும் நல்லது.

டீசலில் பவரைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தேவைக்கு மேல்தான் இருக்கும். ட்யூனிங் தொடாத டீசலுக்கு இன்டேக் மாற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தூசி உள்ளே போகுமா?

இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நல்ல காகித ஃபில்டர் சோதனைத் தூசியில் 99 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஒரு ஃபில்டர் 99 பிடிக்கிறது, இன்னொன்று 97 பிடிக்கிறது என்றால் கேட்க 2 சதவீத வித்தியாசம்தான். ஆனால் உள்ளே நுழையும் தூசி 1-லிருந்து 3 ஆகிவிட்டது, மூன்று மடங்கு. மண் சாலையில் ஓடும் வண்டியில் அந்த மூன்று மடங்கு நேராகப் பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும்.

வாங்கும் முன் ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் சர்வதேச முறை அது. காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்று மட்டும் சொல்லி, எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்று சொல்லாத ஃபில்டரை நான் வாங்கமாட்டேன். மாட்டியபின் ஒருமுறை எஞ்சின் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாருங்கள். சிலிக்கான் முன்பைவிட ஏறியிருந்தால் பெரும்பாலும் மண் உள்ளே போகிறது என்று பொருள். வீட்டில் பார்க்க, ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மாவு மாதிரி நைசான தூசி துணியில் ஒட்டினால் அந்த ஃபில்டரோ அதன் பொருத்தமோ சரியில்லை.

எண்ணெய் தடவும் ஃபில்டர் சென்சாரைக் கெடுக்கும் என்கிறார்களே?

தூசி ஒட்டிக்கொள்வதற்காகத் துணி ஃபில்டரில் தடவும் எண்ணெய் இது. அளவுக்கு மேல் தடவினால் கெடுக்கும். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் முடி மாதிரி ஒரு சூடான கம்பி இருக்கும். அதில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால் அளவு தவறும். கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லியதாகத் தடவி, எண்ணெய் துணி முழுவதும் பரவும்வரை ஓர் இரவு விட்டு மாட்டினால் பயமில்லை. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் உலர் ஃபில்டர் வாங்குவது நல்லது. கம்பி அழுக்கானால் அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், கையால் தொடவேண்டாம்.

மாட்டிய பிறகு செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, காற்றுக் கசிவு. சென்சாரைத் தாண்டிய இடத்தில் கிளாம்ப் (குழாயை இறுக்கும் வளையம்) சரியாக இறுகாவிட்டால், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். எஞ்சின் சும்மா ஓடும்போது ஏறி இறங்கித் தள்ளாடும். ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

இரண்டாவது, சென்சார் உட்காரும் இடத்தில் குழாயின் விட்டம் மாறியிருப்பது. 65 மில்லிமீட்டராக இருந்ததை 70 ஆக்கினால் வெறும் 5 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு 16 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று மெதுவாகப் போகும். சென்சார் காற்று குறைவு என்று நினைத்து பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துத் திருத்திவிடும். முழு ஆக்சிலரேட்டரில் பல கார்கள் அந்தத் திருத்தத்தைப் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் மிக அவசியமான அந்த நேரத்தில் குறைவாகப் போகும். அதனால் சென்சார் பகுதியின் உள்விட்டம் கம்பெனி அளவிலேயே இருக்கும் செட்டை மட்டும் வாங்குங்கள், அல்லது அதற்கேற்ற ட்யூனிங்கோடு வாங்குங்கள். இந்தச் சென்சார் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்தத் தொல்லை இல்லை.

மழைநீர் உறிஞ்சப்படுமா?

மழைத்துளியால் ஒன்றும் ஆகாது. தேங்கிய நீரில் ஃபில்டர் முங்கினால் எஞ்சின் போய்விடும். பம்பருக்குள் தாழ்வாகத் தொங்கும் ஃபில்டர் சாலையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கும் கீழே இருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 1.5 லிட்டர், 4 சிலிண்டர், 10-க்கு 1 அழுத்த விகிதம் உள்ள எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 40 மில்லிலிட்டர். மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. அதைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடும்.

வெள்ளம் தேங்கும் சாலையில் போய்வருபவர்கள் தாழ்வான ஃபில்டரை மாட்டவே வேண்டாம் என்பேன். நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவந்து ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தத்துக்காக வாங்கலாமா?

தாராளமாக. கம்பெனி பாக்ஸும் அதோடு ஒட்டியிருக்கும் வெற்று அறைகளும் இன்டேக் இரைச்சலை விழுங்குவதற்காகவே வைத்தவை. அவற்றை எடுத்துவிட்டால் மிதிக்கும்போது எஞ்சின் ஆழ்ந்த குரலில் உறுமும், டர்போ காரில் உஸ் என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக உடம்பு நம்பிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தில் நேரம் எடுத்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு அதே உறுமல் தலைவலியாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். வாங்குமுன் வேறொருவர் காரில் உட்கார்ந்து ஒரு நீண்ட பயணம் போய்வாருங்கள்.

வாரண்டி, சட்டம்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளிப்பொருள் மாட்டியிருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்டவேண்டும். கலிஃபோர்னியாவில் சாலையில் ஓட்ட, மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் அந்த இன்டேக்குக்கு இருக்கவேண்டும். உங்கள் ஊர் விதியையும் இன்ஷூரன்ஸ் ஆவணத்தையும் வாங்குமுன் படித்துவிடுங்கள்.

ஏர் பாக்ஸை விட்டுவிட்டு ஃபில்டரை மட்டும் மாற்றினால்?

செய்யலாம். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும், கழுவித் திரும்பப் போடும் பேனல் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. சூட்டுத் தொல்லையும் சென்சார் தொல்லையும் குறைவு. பவர் எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி ஃபில்டர் மாற்றவேண்டிய செலவு மிச்சமாகும், கழுவும் வேலை சேரும்.

அப்படியானால் யார்தான் வாங்கவேண்டும்?

தண்ணீர் ட்யூப் சோதனையில் பெரிய தடை தெரிந்தவர்கள். ட்யூனிங், பெரிய டர்போ, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்று எஞ்சினின் மூச்சையே பெரிதாக்கியவர்கள். கம்பெனி பாக்ஸ் அந்த எஞ்சினுக்காக அளந்து செய்தது இல்லை. பந்தயத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்காக உழைப்பவர்கள். சத்தம் பிடித்தவர்கள். இந்த நாலில் ஒன்றிலும் நீங்கள் இல்லையென்றால் அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள். அந்த வித்தியாசம் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் தெரியும்.

வாங்கிவிட்டேன். மாட்டும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய ஹோஸைக் கழற்றியதும் த்ராட்டில் வாயில் ஒரு சுத்தமான துணியை அடைத்து வையுங்கள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் போதும், எஞ்சினைப் பிரிக்கவேண்டியிருக்கும். புதுக் குழாய்க்குள் உலோகத் துகள் இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்து ஈரத்துணியால் துடையுங்கள். சென்சாரின் மேலிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கவேண்டும். எஞ்சினிலிருந்து வரும் சுவாசக் குழாயை மறக்காமல் புது இன்டேக்கில் செருகுங்கள். அதைத் திறந்து விட்டுவிட்டால் எண்ணெய்ப் புகை பானெட்டுக்குள் பரவும். கிளாம்ப்களை இறுக்கியபின் எஞ்சின் ஆடும்போது குழாய் எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள், சிலிக்கான் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

முதலில் எடுத்த இரண்டு அளவுகளையும் அதே சாலையில், அதே மாதிரி வெயிலில் திரும்ப எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பழைய பாக்ஸ், ஹோஸ், போல்ட்டு, ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்தப் போல்ட்டு எங்கே போகும் என்று ஒரு காகிதத்தில் குறித்து உள்ளே வைத்துவிடுங்கள்.